அக்ஷயாவுக்குக் கேட்ட பூ

கோயிலுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தீபக் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு வாழையிலைத் துண்டுகள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அரளிப்பூ, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. செய்ய வேண்டிய வேலை மிகச் சின்னது. ஒரு துண்டில் வெள்ளை அரளியையும் இன்னொன்றில் செவ்வரளியையும் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்ட வேண்டும். எதில் எது இருக்கிறதென்று கட்டியவனுக்கே தெரியாதபடி குலுக்கிப் பூசாரியிடம் கொடுக்க வேண்டும்.

கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பட்டறைக்குப் புது லேத் வாங்குவதோ, எதுவானாலும் காங்கேயம் தாண்டி இருக்கும் இந்தச் செல்லாண்டியம்மனிடம் பூக் கேட்காமல் அவன் குடும்பத்தில் எதையும் தொடங்கியதில்லை. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டுவது வீட்டின் மூத்த ஆண். அப்பா வெள்ளியங்கிரி இருந்தவரை அவர் கட்டினார். அவர் போன பிறகு அந்த வேலை தீபக்குக்கு வந்திருந்தது.

இன்று கேட்பது அவன் மனைவிக்காக. விமானம் ஓட்டும் பயிற்சிக்கு அக்ஷயா போகலாமா, வேண்டாமா?

நாரை முடிச்சுப் போட முடியாமல் விரல்கள் நடுங்கின. சின்னியம்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை அவனுடையது. தீபக் கடைந்ததை அளந்து பார்க்க வேண்டியதில்லை என்று பம்ப் கம்பெனிக்காரர்கள் சொல்லும் கை அது. அந்தக் கைதான் இப்போது ஒரு வாழை நாரிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

முதல் துண்டில் செவ்வரளியை வைத்துக் கட்டினான். இரண்டாவது துண்டை விரித்தான். வெள்ளைப் பூவைக் கையில் எடுத்தான். கோயிலின் முன்பக்கத்திலிருந்து அக்ஷயாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சத்தம் ஒருநாள் இல்லாமல் போய்விட்டால் என்று நினைத்தான்.

வெள்ளையைக் கூடையில் போட்டுவிட்டு, இன்னொரு செவ்வரளியை எடுத்து வைத்து மடித்தான். கட்டிவிட்டான்.

இந்த முறை விரல்கள் நடுங்கவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

இத்தனைக்கும், இதை ஆரம்பித்து வைத்தவனே அவன்தான்.

இருகூரில் அவர்கள் வீட்டுக்கு மேலேதான் பீளமேட்டில் இறங்கும் விமானங்கள் போகும். தலைக்கு மேல் சத்தம் வந்தால் வீட்டில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்துவார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அக்ஷயாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அவள் ஒவ்வொரு சத்தத்துக்கும் மொட்டை மாடிக்கு ஓட ஆரம்பித்தாள். கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "அத்தே, இது ஐதராபாத்துல இருந்து வருது" என்று மேலே இருந்து கத்துவாள். "வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போடோணுமா அம்மணி?" என்று சமையலறையிலிருந்து தீபக்கின் அம்மா நாச்சியம்மாள் கேட்பாள்.

அக்ஷயா சென்னிமலைப் பெண். பொறியியல் படித்துவிட்டு சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் பட்டறையில் டீக் குடிக்கும்போது தீபக் அந்த விளம்பரத்தைப் பார்த்தான். ஒரு விமான நிறுவனம் பயிற்சி விமானிகளை எடுக்கிறது. செலவில் பாதியை நிறுவனம் ஏற்கும். மீதிப் பாதிக்கு வங்கிக் கடன், குடும்பத்தில் ஒருவர் ஜாமீன். படித்து முடித்தால் அங்கேயே வேலை. "உனக்குன்னே போட்டிருக்காங்க போல" என்று விளையாட்டாக அனுப்பி வைத்தான்.

அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குத் தேர்வு, கணினித் திரையைப் பார்த்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டிக் காட்டும் தேர்வு, டெல்லியில் நேர்முகம், உடல் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டினாள். ஒவ்வொரு முறையும் தீபக் பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். "பொண்டாட்டிய பைலட்டாக்கற மொத ஆளு நம்ம தீபக்கண்ணன்தான்" என்று பையன்கள் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனை பேர் எழுதும் தேர்வில் கடைசிவரை போகமாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்ததோ என்னவோ.

இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவில் ஏதோ ஒரு ஊரில் பயிற்சி.

அன்றைக்குத்தான் தீபக் கைப்பேசியில் தேட ஆரம்பித்தான். வடக்கே எங்கோ ஒரு பயிற்சி விமானம் வயலில் விழுந்து கிடக்கும் காணொளி வந்தது. சின்ன விமானம், பொம்மை மாதிரி. ஓட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாம். அதைப் பார்த்து முடித்ததும் அதே மாதிரி இன்னொன்று தானாக வந்தது. அப்புறம் இன்னொன்று. பட்டறையில், வண்டியில், சாப்பிடும்போது மேசைக்கு அடியில் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போன அன்று, தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. "இந்த போனுக்குச் சொந்தக்காரருக்கு நீங்க என்ன வேணுங்க?" என்று யாரோ கேட்டார்கள். அந்தக் குரல் இப்போது மறுபடியும் காதில் கேட்க ஆரம்பித்திருந்தது. இந்த முறை அது இந்தியில் பேசியது.

போகாதே என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஜிலேபி கொடுத்துப் பெருமை பேசிய வாய் அது. அம்மா தடுப்பாள் என்று எதிர்பார்த்தான். அம்மாவோ, "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அனுப்பிச்சர்லாம்" என்று முடித்துவிட்டாள்.

"கட்டியாச்சுங்களா தம்பி?" பூசாரி பாலுசாமி சன்னதியிலிருந்து கேட்டார்.

"ஆச்சுங்."

"நல்லாக் குலுக்கிப் போட்டீங்களா?"

"குலுக்கிட்டேனுங்" என்றான் தீபக்.

பாலுசாமி இரண்டு பொட்டலங்களையும் அம்மனின் காலடியில் வைத்தார். சூடம் ஏற்றினார். மணியை ஆட்டிக்கொண்டே, "ஆத்தா, இந்தப் புள்ள ஆகாசத்துல போற வண்டி ஓட்டப் படிக்கப் போகுதாமா. செரியா வருமா, வராதான்னு நீதான் சொல்லோணும்" என்றார்.

"வண்டின்னா வேற எதாச்சும்னு நெனச்சுக்கப் போறா. ஏரோப்ளேன்னே சொல்லுங் பூசாரி" என்றாள் நாச்சியம்மாள்.

"அவளுக்குத் தெரியாததுங்களா? வாங்க அம்மணி, நீங்களே எடுங்க."

அக்ஷயா முன்னால் போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்ணை மூடினாள், திறந்தாள். வலது பக்கப் பொட்டலத்தின் மேல் கை போனது. தொடாமல் நின்றது. இடது பக்கம் நகர்ந்தது. உதடு மெல்ல அசைந்தது. மறுபடி வலது பக்கம் வந்தாள்.

எடுத்துவிடு, எடுத்துவிடு என்று தீபக் உள்ளுக்குள் கெஞ்சினான். இரண்டும் ஒன்றுதான், எதற்கு இப்படித் தவிக்கிறாய் என்று அந்த இடத்திலேயே கத்திவிடுவோமோ என்று பயந்தான். சூடத்தின் வெளிச்சத்தில் அம்மனின் வெள்ளிக் கண்கள் இரண்டும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் இடது பக்கம் இருந்ததை எடுத்தாள். நாரை உருவினாள். இலையைப் பிரித்தாள்.

செவ்வரளி அவள் உள்ளங்கையில் இருந்தது.

"செரி" என்றாள் நாச்சியம்மாள். "செரி கண்ணு."

பாலுசாமி திருநீறு கொடுத்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. அதைத் தீபக்கின் கையில் வைத்து, "போற வழியில தண்ணியில உட்ருங்க தம்பி" என்றார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு பூவின் எடைதான். ஆனால் காரில் ஏறி உட்காரும்வரை அது நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

வரும்போது அக்ஷயாதான் காரை ஓட்டி வந்திருந்தாள். அவினாசி ரோட்டு நெரிசலிலேயே பயப்படாமல் ஓட்டுபவள். பக்கத்தில் உட்காரும் தீபக்தான் ஒவ்வொரு லாரிக்கும் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்துவான். "அங்க ஒண்ணும் இல்லீங்க மாமா" என்று அவள் கேலி செய்வாள். இப்போது அவள் சாவியை நீட்டிவிட்டு, பின்சீட்டில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினான். கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பொட்டலத்தைக் கையில் எடுத்தான். கீழே கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர், ஓரத்தில் நுரை. போட்டுவிட்டால் முடிந்தது. இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் இங்கே போட்டுவிட்டாலும், இந்தப் பொய் தனக்கும் அவளுக்கும் நடுவில் இனிமேல் எப்போதும் இருக்கும் என்று தோன்றியது. கை நீளவில்லை. பொட்டலத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தான்.

"உட்டுட்டியா சாமி?" என்றாள் அம்மா.

"உட்டுட்டேனுங்மா."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

பல்லடம் தாண்டும்வரை அக்ஷயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "போச்சாது போங்கத்தே, உட்டுத் தள்ளுங்க. இனி உங்களுக்கு ரசம் வெக்கத் தெரியாத மருமகளாவே காலம் பூரா இருந்துக்கறேன்" என்றாள்.

நாச்சியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்த தீபக் பார்வையை ரோட்டுக்குத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணினார்கள். வெயில் இறங்கிய நேரத்தில் அக்ஷயா மொட்டை மாடிக்குப் போனாள். தீபக் பின்னாலேயே போனான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. இங்கிலீஸ் செரியா இருக்குதான்னு."

வாங்கிப் பார்த்தான். விமான நிறுவனத்துக்கு எழுதிய கடிதம். குடும்பக் காரணங்களால் இந்த வாய்ப்பை ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள்.

அப்போது கிழக்கிலிருந்து சத்தம் வந்தது. ஒரு விமானம் விளக்கை எரியவிட்டுக்கொண்டு, சக்கரங்களைத் தொங்கவிட்டு, தென்னைமரங்களுக்கு மேலே தாழ்ந்து வந்தது. வழக்கம்போல் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தீபக் அண்ணாந்து பார்த்தான். அவள் பார்க்கவில்லை. தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் வீடே அதிரும்படி அது போய் முடியும்வரை அவள் நிமிரவே இல்லை.

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பைக்குள் கைவிட்டு வதங்கிப்போயிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"என்னங்க இது? ஆத்துல உட்டுட்டேன்னு சொன்னீங்க?"

"பிரிச்சுப் பாரு."

"இதப் பிரிக்கக் கூடாதுன்னு…"

"பிரி அக்ஷயா."

பிரித்தாள். வாடிய செவ்வரளி. அவள் முதலில் புரியாமல் பூவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்த முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டு அவன் நின்றான். காணொளியில் பார்த்த எந்த விமானமும் இத்தனை மெதுவாக விழுந்ததில்லை.

"ரெண்டுமே சிவப்புங்களா?"

"ம்."

"நீங்களே வெச்சீங்களா?"

"நாந்தான் வெச்சேன். எனக்குப் பயமா இருந்துச்சு. உனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு. யாராச்சும் போன் பண்ணி… அப்பாவுக்குப் பண்ணுன மாதிரி…"

அவள் எழுந்து நின்றாள்.

"பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? போகாதடீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ரெண்டு நாளு சோறு திங்காம இருந்திருப்பேன். சண்டை போடறதுக்குக்கூட எடம் குடுக்காம ஆத்தாளக் கொண்டாந்து குறுக்க நிறுத்திப் போட்டீங்களே! அவகூட நான் எப்படீங்க சண்டை போடுவேன்?"

அவன் தரையில் கிடந்த வாழை நாரைக் குனிந்து எடுத்தான்.

"அங்க எவ்வளவு நேரம் கையை இங்கயும் அங்கயும் கொண்டு போனேன்… பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவள் கைப்பிடிச் சுவர் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். திரும்பியபோது அவள் முகம் துடைக்கப்பட்டிருந்தது.

"இன்னொன்னு சொல்லட்டுங்களா? செவப்பைப் பாத்ததும் ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதை நெனச்சுத்தான் கார்ல அழுகையா வந்துச்சு."

"நிம்மதியா? உனக்கா?"

"டெல்லி போனேனில்ல இன்டர்வியூக்கு. அதுதான் நான் வாழ்க்கையில மொத தடவை ஏரோப்ளேன் ஏறுனது. பாதி வழியில மேகத்துக்குள்ள திடீர்னு கீழ எறங்குச்சு பாருங்க, பக்கத்து சீட்டுல இருந்த பெரியவரு கையை இறுக்கிப் புடிச்சுட்டேன். அவரு இந்திக்காரரு. பயப்படாத மகளேன்னாரு. எதுக்கு டெல்லி போறேன்னு கேட்டாரு. பைலட் வேலைக்கு இன்டர்வியூன்னு எப்படீங்க சொல்றது? அக்கா ஊட்டுக்குன்னு சொல்லிப்போட்டேன்."

தீபக்குக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று பயந்து அடக்கினான். அவளே சிரித்துவிட்டாள். பாதியிலேயே அது அழுகையாக மாறிவிட்டது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எல்லாருக்கும் ஜிலேபி குடுத்துட்டிருந்தீங்க." மூக்கை உறிஞ்சினாள். "கீழ வாங்க. இதை அத்தைகிட்ட நீங்கதான் சொல்லோணும். நான் சொல்லமாட்டேன்."

நாச்சியம்மாள் அடுப்படியில் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். தீபக் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. அவன் நினைத்த மாதிரி அவள் திட்டவில்லை. வேகமாக எழுந்து சாமி அறைக்குப் போனாள். மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்து, அதில் ஒரு நாணயத்தை வைத்து முடிந்தாள். அம்மன் படத்தின் முன்னால் வைத்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டான் தாயி. புள்ளைங்க மேல கோவிச்சுக்காத. அடுத்த அமாவாசைக்கு வந்து உன்ற உண்டியல்ல போட்டர்றோம்" என்று முணுமுணுத்தாள். திரும்பியபோதுதான் கோபம் வந்தது. "ஏண்டா, உன்ற அப்பன் பொட்டலம் கட்டுன எடம் அது. அந்த எடத்துல உக்காந்து களவாணித்தனம் பண்ணியிருக்கற?"

"பயந்துட்டேனுங்மா."

"நீ ஒருத்தன்தான் பயந்தியா? இவ டெல்லி போய்ட்டு வார வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி நிம்மதியாக் குடிச்சிருப்பனா?" குரல் உடைந்தது. "ரோட்டுல போன மனுசனே திரும்பி வரல. அதுக்காக அந்த ரோட்டை மூடியா வெச்சாங்க? அடுத்த வாரமே நீ அதே ரோட்டுல ஈரோட்டுக்குச் சரக்கு எடுத்துட்டுப் போன. நான் வாசப்படியில நின்னு 'பாத்துப் போ சாமி'ன்னுதான சொன்னேன்? போகாதன்னா சொன்னேன்?"

தீபக் தலை குனிந்தான். அந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா வாசலில் நின்றது ஞாபகம் இருந்தது. அவளுக்கு அன்று என்ன பாடாக இருந்திருக்கும் என்று இந்த நிமிடம்வரை அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"அத்தே" என்றாள் அக்ஷயா தயங்கிக்கொண்டே. "நாளைக்குக் காலையில போய் மறுபடியும் பூக் கேக்கலாங்களா? திங்கக்கெழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குது."

நாச்சியம்மாள் அடுப்படிக்குத் திரும்பி நடந்தாள். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"வேண்டாங் கண்ணு. ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவை அவளை எழுப்பக் கூடாது. அதுவும் இப்படி ஏமாத்திப்போட்டு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிக்கறது?"

"அப்பறம் உத்தரவு ஆருங்கத்தே குடுக்கறது?"

"ஆரும் இல்ல. கேட்டுக் கெடுத்தாச்சு. இனி நம்மதான் பாத்துக்கோணும்."

அது சமாதானமான பதில் அல்ல. வெள்ளை வந்திருந்தால் பயத்தை அம்மன் காலடியில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். சிவப்பு வந்திருந்தாலும் அப்படித்தான். இப்போது அது மொத்தமாக வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று பேரும் அடுப்படியில் அதை நடுவில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"நீ என்னம்மா சொல்ற?" என்றாள் நாச்சியம்மாள் மருமகளிடம். "சாமியும் வேண்டாம், இவனும் வேண்டாம். உனக்கு என்ன தோணுது?"

"பயமாத்தான் இருக்குதுங்கத்தே." அக்ஷயா புடவை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "ஆனா போகாம இருந்துட்டன்னா, தெனமும் இந்தச் சத்தம் தலைக்கு மேல போகுமில்லீங்களா. அதை எப்படீங்க கேட்டுக்கிட்டு இருக்கறது? அது இன்னும் பயமா இருக்குது. நான் போறேனுங்க."

நாச்சியம்மாள் முறத்தை இழுத்துக்கொண்டு பயறு உரிக்க உட்கார்ந்தாள். அன்று இரண்டு வேளைக்கு வேண்டிய பயறை உரித்துவிட்டாள்.

அக்ஷயா அன்று தீபக்கோடு பேசவில்லை. மறுநாள் காலையில், "பட்டறைச் சட்டையோட வந்துராதீங்க, பேங்குக்கு" என்று மட்டும் சொன்னாள். அது போதும் என்று அவனுக்கு இருந்தது.

பீளமேட்டில் இருந்த வங்கியில் கடன் பிரிவு அதிகாரி சாயிரா பானு, கோட்டைமேட்டுக்காரர், எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். "ஜாமீன்தாரர் இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்க. மத்தியானத்துக்குள்ள கடிதம் அனுப்பிடறேன். அதுக்கப்பறம் நீங்க உங்க சம்மதத்தைப் போட்டுடுங்க" என்றார்.

தீபக் பேனாவைத் திறந்தான். இங்கே போடுகிற கையெழுத்து, அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். போடாவிட்டால் போகாது. கடைசி நிமிடத்தில் ஒரு பொட்டலம் மறுபடி அவன் கையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அக்ஷயா பக்கத்து நாற்காலியில் அவனைப் பார்க்காமல் மேசை மேலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டான்.

சாயிரா பானு அதை எடுத்துக் கணினித் திரையோடு ஒப்பிட்டார். கண்ணாடியைத் தூக்கி மறுபடி பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மேட்ச் ஆகலீங்களே. இது வேற யாரோ போட்ட மாதிரி இருக்கு."

"நாந்தானுங்க போட்டேன்."

"கண்ணு முன்னால பார்த்தேன், இல்லேங்கல. கம்ப்யூட்டர் பார்க்கலியே. இன்னொன்னு போடுங்க."

இரண்டாவது இன்னும் மோசம். 'க்' மேல் வைக்க வேண்டிய புள்ளி பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்தது. அக்ஷயா எட்டிப் பார்த்தாள். நேற்றைக்குப் பிறகு முதல் முறையாக அவள் உதட்டோரம் அசைந்தது.

"லேத்துல மயிரிழை புடிக்கற கையின்னு பெருமை பேசுவீங்களே மாமா. நான் வேணா கையைப் புடிச்சுக்கட்டுங்களா?"

"வேண்டாம். அப்பறம் அது உன்ற கையெழுத்தாப் போயிரும்."

சாயிரா பானு சிரித்துவிட்டார். "என்ற மகன் துபாய்க்குப் போறப்ப நானே இப்படித்தான் போட்டேன். பேங்குல இருபது வருசமா வேலை பார்க்கறவ. கொஞ்சம் தண்ணி குடிங்க தம்பி."

குடித்தான். பேனாவைக் கீழே வைத்து, கையை உதறினான். பயம் போனபிறகு போடலாம் என்று ஒரு கணம் காத்திருந்தான். அது போகிற மாதிரி தெரியவில்லை. சரி, நீயும் இரு என்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, பட்டறையில் முதல் கடைசலை ஓட்டுவதுபோல மூச்சைப் பிடித்து மெதுவாக எழுதினான்.

சாயிரா பானு பார்த்தார். தலையசைத்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்தச் சத்தத்துக்கு இருவரும் ஒன்றாகத் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. கார் அருகே வந்ததும் தீபக் சாவியை எடுத்தான். அதை அவளிடம் நீட்டினான்.

"நீயே ஓட்டு."

அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பெல்ட்டை மாட்டினாள். அவன் மாட்டியிருக்கிறானா என்றும் பார்த்துக்கொண்டாள். கார் அவினாசி ரோட்டில் ஏறியது. முன்னால் போன டவுன் பஸ் சொல்லாமல் கொள்ளாமல் நடுரோட்டில் நின்றது. தீபக்கின் வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தியது.

"அங்க ஒண்ணும் இல்லீங்க மாமா."

"தெரியும்" என்றான். காலை எடுக்கவில்லை.